இடது கை இல்லாத ஆறு வாரம்

விராலிமலைக்கு வெளியே ஒரு மயில் குறுக்கே வந்ததில் என் இடது மணிக்கட்டு உடைந்தது. புரட்டாசி முதல் வாரம், காலை பத்து மணி, காலியான சாலை. மயில் வேலிக்குள்ளிருந்து தத்தி வந்தது, நான் பிரேக் அடித்தேன், அது பறந்தது, நான் விழுந்தேன். டீக்கடையிலிருந்து ஓடிவந்து தூக்கிவிட்ட இரண்டு பேரில் ஒருவர் முதலில் கேட்டது, "மயிலுக்கு ஒண்ணும் ஆகலையே சார்?" என்றுதான். முருகனுடைய வாகனம் பத்திரமாக இருக்கிறது என்று உறுதியான பிறகே என்னுடைய வாகனத்தை நிமிர்த்தி வைத்தார்கள்.

புதுக்கோட்டையில் எலும்பு டாக்டர் முழங்கையிலிருந்து விரல்வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம், ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றார். "லெஃப்ட் ஹேண்டுதானே, தப்பிச்சீங்க" என்றும் சொன்னார். மருந்துக்கடைக்காரரும் அதையே சொன்னார். விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் ஆப்பிளைக் கீழே வைப்பதற்கு முன்பே சொன்னார்கள்: "நல்லவேளை, எடது கை." வீட்டில் சும்மா மாட்டிக்கிடக்கும் இரண்டாவது குடையைப் பற்றிப் பேசுவதுபோலவே எல்லாரும் பேசினார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எழுதுவது வலது, சாப்பிடுவது வலது, கும்பிட்டு விபூதி பூசுவது வலது. இடது கை என்ன பெரிய வேலை பார்த்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அது என்ன வேலை பார்த்தது என்று தெரிந்தது.

நம் ஊரில் வலது கை சோற்றுக்கு, இடது கை அதற்கு. இந்தப் பாகப்பிரிவினை எந்தப் பத்திரத்திலும் பதிவாகவில்லை. ஆனாலும் இதை யாரும் மீறுவதில்லை. குழந்தை முதல் கவளத்தை இடது கையால் எடுத்தால் முதுகில் ஒன்று விழும். சில்லறையை இடது கையால் நீட்டினால் கடைக்காரர் வாங்க மாட்டார். இப்போது ஒரு கை விடுமுறையில் போய்விட்டது. சோற்றுக் கை மட்டும் இருக்கிறது. கழிப்பறைக்குள் குத்தவைத்தபடி, பக்கத்தில் நிரம்பி வழிந்த வாளியையும் மிதந்த மக்கையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். வெளியிலிருந்து மனைவி கதவைத் தட்டினாள்.

"என்னங்க, நான் வரவா? ரெண்டு புள்ளைக்குக் கழுவி விட்டவதானே?"

"போடி அங்கிட்டு" என்றேன். அவள் அங்கிட்டுப் போகவில்லை. நான் எப்படிச் சமாளித்தேன் என்பதை எழுதப் போவதில்லை. அரைமணி நேரமும் ஒரு பழைய வேட்டியும் செலவாயின என்பது போதும்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பரவாயில்லை. நான் ஒன்றிய அலுவலகம் ஒன்றில் கழிப்பறைத் திட்டத்தின் பிரச்சாரகன். பன்னிரண்டு ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய், மைக்கைப் பிடித்து, வெளியில் போகாதீர்கள், கழிப்பறை கட்டுங்கள், குழிக்குள் துணியையும் காகிதத்தையும் போடாதீர்கள், போய்விட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று வாய் கிழியப் பேசுபவன். கை கழுவுவதற்கு ஆறு படி உண்டு. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நகக்கண். இருபது எண்ணும்வரை தேய்க்க வேண்டும். "சோப்புப் போட்டுக் கழுவிய கை சுத்தமான கை. அதற்கு மேல் சந்தேகம் இல்லை" என்று முடிப்பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

நான் பேசுவேனே தவிர, செய்துகாட்டுவது நான் அல்ல. என்னோடு ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா வருவார். என் வயதுதான் இருக்கும். நான் படியைச் சொல்ல, அவர் இரண்டு கையிலும் நுரை பொங்கத் தேய்த்துக் காட்டுவார். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். கூட்டம் முடிந்ததும், வழியில் அவர் தெரு வந்தால், "ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க சார்" என்பார். நான் இன்றைக்குக் கிருத்திகை என்பேன். சஷ்டி என்பேன். சுகர் என்பேன். வயிறு சரியில்லை என்பேன். முருகனுக்கு நான் இருந்த விரதங்களில் பாதி அவர் வீட்டு வாசலில் பிறந்தவை. காரணம் வேறொன்றுமில்லை, சாதிதான். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்போது அந்தக் கூச்சம் இல்லை. மைக்கில் ஒன்று பேசிவிட்டு வாசலில் ஒன்று செய்வது எனக்குப் பழகியிருந்தது.

மயில் என்னைத் தள்ளுவதற்கு முந்தின வாரம் அவர் ஒரு செய்தி சொன்னார். திட்டத்தில் கட்டிய வீடு முடிந்துவிட்டது, ஐப்பசி பிறந்ததும் பால் காய்ச்சப் போகிறார். "அன்னைக்கு நீங்க எங்க வீட்டுல சாப்புடணும் சார். எங்க சனம் எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க அண்ணன் சிரிக்கிறாரு. ஒங்க சாரு வருவாரு, நிப்பாரு, போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருவாருங்குறாரு. இல்ல, சாப்புடுவாருன்னு நான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்." நான் "பாக்கலாம்மா" என்றேன். அந்தச் சொல்லை அவர் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார். அது சம்மதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் எனக்காகச் சோப்புத் தேய்த்தவரின் பேச்சு அவர் சனத்தின் முன்னால் நிற்குமா விழுமா என்பது என் ஒரு வாய்ச் சோற்றில் இருந்தது. நான் அந்த வாரம் முழுவதும் நாள்காட்டியில் என்ன விரதம் வருகிறது என்று தேடினேன்.

சரி, உடைந்த கைக்கு வருவோம்.

அடுத்த தெருவில் என் மனைவியின் தம்பி இருக்கிறான். வளைகுடாவில் எட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். அந்த எட்டு வருடத்தில் அவன் என்ன வேலை பார்த்தான் என்று இன்றுவரை தெளிவாகச் சொன்னதில்லை. ஆனால் அங்கே உள்ள கழிப்பறைகளைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வான். "மச்சான், அங்க எல்லாம் பைப்பு. கை வைக்கிற பேச்சே இல்ல. அழுத்துனா பீச்சும், முடிஞ்சிச்சு" என்று சொல்லி, அன்றைக்கே புதுக்கோட்டைக்குப் போய் ஒரு பீச்சுக் குழாயை வாங்கிவந்து மாட்டினான். எங்கள் தண்ணீர்த் தொட்டி கழிப்பறைக் கூரைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த உயரத்திலிருந்து வந்த தண்ணீர், குழாயின் வாயில் நின்று யோசித்துவிட்டு, என் பாதத்தில் சொட்டியது. "மோட்டாரப் போட்டுப் பாப்போம்" என்று நேராக மோட்டார் லைனிலிருந்து இணைப்புக் கொடுத்தான். இந்த முறை தண்ணீர் கூரையில் அடித்துத் திரும்பி என் தலையில் இறங்கியது. எந்த இடத்தை நோக்கிப் பிடித்தேனோ அந்த இடம் இரண்டு நாள் எரிந்தது. வேகமாக அடித்தால் சுத்தம் அதிகமாகிவிடாது, தோல்தான் உரியும் என்று பிறகு டாக்டர் சொன்னார். எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"அப்ப பேப்பர்தான் மச்சான். வெள்ளைக்காரன் என்ன முட்டாளா?" என்று திருச்சிக்குப் போன ஆளிடம் சொல்லிவிட்டு நாலு உருளை வரவழைத்தான். பூப்போட்ட, மெத்தென்ற, வாசனை பிடித்த உருளைகள். மனைவி அதைக் கையில் வாங்கி, மோந்து பார்த்து, மேலும் கீழும் உருட்டிவிட்டுக் கேட்டாள்.

"பேப்பர் கால்ல பட்டாலே கண்ணுல ஒத்திக்கிறோம். இத எதுல ஒத்திக்கப் போறீங்க?"

 எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்குக் கரண்ட் பில்லையும் அடுக்கி வைத்துப் பொட்டு வைப்பார்கள். புரட்டாசி வேறு, பூஜை பத்து நாளில் வருகிறது. கடைசியில் அவளே ஒரு தீர்ப்புச் சொன்னாள். எழுத்து இருந்தால்தான் சரஸ்வதி, வெறும் வெள்ளைப் பேப்பர் என்றால் குற்றமில்லை. உருளையை முழுக்கப் பிரித்து, எங்கும் எழுத்தில்லை என்று பார்த்துவிட்டு, திரும்பச் சுற்றிக் கொடுத்தாள். சுற்றியது கோணலாகத்தான் இருந்தது.

மெடிக்கல் லீவில் கிடப்பவனுக்கு வேறு வேலை என்ன? மத்தியானம் எல்லாம் போனில் இந்தக் காகிதத்தின் பூர்வீகத்தைப் படித்தேன். இதை முதலில் செய்தவன் வெள்ளைக்காரன் இல்லை, சீனாக்காரன். அரண்மனைக்கென்று தனியாக, பெரிய பெரிய தாளாகச் செய்து, வாசனையும் போட்டிருக்கிறார்கள். பெரியோர் வாக்கு எழுதிய தாளை அந்த இடத்துக்குக் கொண்டுபோகத் தனக்கு மனம் வராது என்று அந்த ஊர் அறிஞர் ஒருவர் எழுதியும் வைத்திருக்கிறாராம். இதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "சீனாக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு, பாத்தீங்களா?" என்றாள். ரோமாபுரியில் ஒரு குச்சி நுனியில் கடல்பஞ்சைக் கட்டி, ஊர்ப் பொதுவில் ஒன்றையே கழுவிக் கழுவி எல்லாரும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிரேக்கர்கள் கல்லாலும் ஓட்டுச் சில்லாலும் துடைத்திருக்கிறார்கள். ஆகாதவன் பெயரை அந்தச் சில்லில் கீறிவைத்துத் துடைத்தவர்களும் உண்டு என்று ஒரு கதை. இது உண்மையோ பொய்யோ, எங்கள் ஆபீசில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அமெரிக்காக்காரன் இதில் எல்லாருக்கும் பிந்தியவன். மக்காச்சோளக் கட்டையால் துடைத்துக்கொண்டிருந்தவன், அப்புறம் பழைய பத்திரிகையை ஆணியில் மாட்டிக் கிழித்துக்கொண்டிருந்தவன். உருளை வந்த பிறகும் வெகுகாலம் அதில் மரச் சிராய் இருந்ததாம். எங்கள் காகிதத்தில் சிராய் இல்லை என்று ஒரு கம்பெனி விளம்பரமே போட்டிருக்கிறது. அப்படிப்பட்ட நாடு, கொரோனா வந்ததும் அரிசி பருப்பை விட்டுவிட்டு இந்த உருளைக்கு அடித்துக்கொண்டது. நாங்கள் சிரித்தோம். நம்மிடம் கண்மாய் இருந்தது, செம்பு இருந்தது என்று பெருமை வேறு. கண்மாய் வற்றிய கோடையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கூழாங்கல்லையும் பூவரச இலையையும் தேடியதும், அவசரத்தில் ஒருவன் தொட்டாலே அரிக்கும் செந்தட்டி இலையைப் பிடுங்கிவிட்டு வகுப்புக்குள் உட்கார முடியாமல் ஒரு பகல் முழுவதும் நின்றதும் அந்தப் பெருமையில் வராது.

உருளை மூன்றாம் நாளே தன் குணத்தைக் காட்டியது. தண்ணீரில் பழகிய உடம்புக்குக் காகிதத்தில் நம்பிக்கை வரவில்லை. இன்னும் இருக்கிறதோ, இன்னும் இருக்கிறதோ என்று தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்தது. மச்சினன் குழந்தைக்குத் துடைக்கும் ஈரத் துணியை வாங்கிவந்தான். அதில் ரோஜா வாசனை. அன்று மாலை நான் உட்கார்ந்த நாற்காலியிலெல்லாம் ஒரு பக்கமாகவே உட்கார்ந்தேன். கட்டைக் காட்டப் போனபோது, எலும்பு டாக்டரிடமே இதையும் கேட்டுவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துவிட்டுச் சொன்னார்: "வாசனை, கலர் போட்டது எதுவும் வேணாம். தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. அந்த ஈரத் துணி குழியில கரையாது. எல்லாத்துக்கும் மேல தண்ணிதான் நல்லது. கழுவிட்டு ஈரத்த மட்டும் மெதுவாத் தொடைங்க. வலது கைதான் நல்லா இருக்கே, கழுவிட்டு சோப்புப் போட்டா போச்சு."

சோப்புப் போட்டால் போச்சு. இதே வாக்கியத்தை நான் எத்தனை ஊரில் சொல்லியிருப்பேன்! டாக்டர் சொன்னபோது, இந்தக் கையால் அதைச் செய்துவிட்டு இதே கையால் சாம்பார் சாதத்தைப் பிசைவதை நினைத்துப் பார்த்தேன். குமட்டியது. ஊருக்குத்தான் உபதேசம்.

ஆகவே வாசனை இல்லாததாக வேறு நாலு உருளை வரவழைத்து ஓட்டினேன். அந்த நாலும் பத்து நாளில் தீர்ந்தன. மழை பிடித்துக்கொண்டதில் திருச்சிக்குப் போக ஆளில்லை. அப்போது மனைவி பரணில் ஏறி ஒன்றை இறக்கினாள். எங்கள் மகள் கல்யாணத்தில் பந்தி மேசைமேல் விரிக்க வாங்கிய பேப்பர் உருளை. ஒன்று மிச்சமாகி, தூக்கிப் போட மனமில்லாமல் நாலு வருடம் பரணில் கிடந்தது. இலையைப் போடுவதற்கு முன் மேசை நீளத்துக்கு உருட்டுவார்களே, அதுதான். முழ நீளத்துக்கு ஒரு தரம் சிவப்பு எழுத்தில் "நல்வரவு" என்று அச்சடித்திருந்தது.

"எழுத்து இருக்கேடி" என்றேன்.

"எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல கிழிச்சுக்கங்க. எழுத்தக் குழியில போட்டுராதீங்க" என்றாள்.

நான் எழுத்தைத் தனியாகக் கிழித்து ஜன்னலில் அடுக்கினேன். இரண்டு நாளில் அவசரம் வந்தபோது நடுவெது எழுத்தெது என்று பார்க்க நேரமில்லை. அந்தக் காகிதத்துக்கு ஒரு குணம் உண்டு. சாம்பார் கொட்டினாலும் மேசை நனையாமல் இருக்க வழவழவென்று மெழுகு மாதிரி ஒரு பூச்சுப் பூசியிருப்பார்கள். அது எதையும் உறிஞ்சாது, எதிலும் கரையாது. மூன்றாம் நாள் காலை தண்ணீர் இறங்கவில்லை. எட்டு வாளி ஊற்றினேன். வந்ததெல்லாம் மேலேதான் வந்தது. குழியில் காகிதம் போடாதீர்கள் என்று இருநூறு ஊர்க் கூட்டத்தில் பேசியிருந்தாலும், அடைத்துக்கொண்டால் எப்படி எடுப்பது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. மச்சினனுக்குப் போன் போட்டேன். அடுத்த தெருவில் இருப்பவன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தான்.

"ஒங்ககூட வருமே அந்தப் பொம்பள, அத வரச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

கூடாது என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சட்டப்படியும் கூடாது, மனுஷத்தன்மைப்படியும் கூடாது. அதற்கும் ஒரு கூட்டம் போட்டு உறுதிமொழி வாசித்தவன் நான். ஆனால் நான் சொன்னது, "பாக்கலாம்."

அந்த நேரத்தில்தான் அவரே வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு. வியாழக்கிழமை பால் காய்ச்சுகிறார். எனக்கு முன்பே மனைவி போய்விட்டாள். "நல்ல நேரத்துல வந்தம்மா. இப்பிடிக் கொல்லப்பக்கமா வந்து கொஞ்சம் பாரு." நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தடுக்கவும் இல்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் கழிப்பறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி என்னிடம் வந்தார்.

"என்ன சார், நல்வரவுன்னு மெதக்குது?"

நான் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டேன்.

"நான் எடுக்க மாட்டேன் சார். கோவிச்சுக்காதீங்கம்மா. இத இன்னொருத்தர எடுக்கச் சொன்னா தப்புன்னு சார்தான் ஊரூராப் போயி சொல்லிக்குடுத்தாரு. நான் பக்கத்துல நின்னு தலையாட்டியிருக்கேன்ல?" கோபமாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் நான் எதையாவது மறந்துவிட்டால் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுப்பாரே, அதே குரல். பிறகு வழியும் சொன்னார். "கெட்டிக் கம்பியா எடுத்து நுனிய வளைச்சு, மெதுவா இழுங்க. குத்தித் தள்ளிறாதீங்க, உள்ள போயிரும். கையில பிளாஸ்டிக் பையக் கட்டிக்கங்க."

மனைவிக்கு முகம் செத்துவிட்டது. உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். பேப்பர் கப்பில். எங்கள் வீட்டில் டம்ளருக்குப் பஞ்சமில்லை. அந்தக் காலத்தில் இப்படி வருகிறவர்களுக்கென்று ஒரு டம்ளர் தனியாகக் கொல்லைச் சுவரில் கவிழ்ந்திருக்கும். இப்போது நாங்கள் படித்தவர்கள், அதெல்லாம் செய்வதில்லை. ஐம்பது கப் கொண்ட ஒரு கட்டு அலமாரியில் இருக்கிறது. அவர் குடித்து முடித்து, கப்பைக் கசக்கி, குப்பைக்கூடைகளின் முன்னால் நின்றார்.

"இது மக்குற குப்பையா, மக்காத குப்பையா சார்?"

"மக்காதது" என்றேன். உள்ளே பூச்சு இருக்கிறது.

சரியான கூடையில் போட்டுவிட்டு, பத்திரிகையை என் வலது கையில் கொடுத்து, "வியாழக்கெழம. மறந்துறாதீங்க" என்று சொல்லிப் போனார்.

அன்றைக்கு நானே கம்பியை வளைத்தேன். வலது கையில் பையைக் கட்டிக்கொண்டு, மனைவி டார்ச் பிடிக்க, ஒவ்வொரு நல்வரவாக வெளியே இழுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. அதன் பிறகு வலது கைக்குக் கற்பு என்று ஒன்று மிச்சமில்லை. மறுநாளிலிருந்து தண்ணீருக்குத் திரும்பினேன். மக்கைப் பிடிக்க இன்னொரு கை இல்லாததால், தொட்டிக் குழாயைத் திறந்து சொட்டவிட்டு, சோற்றுக் கையாலேயே கழுவினேன். எரிச்சல் மூன்றே நாளில் போயிற்று. கை கழுவத்தான் சிரமம். ஒற்றைக் கையைத் தானே தேய்த்துக்கொள்ள முடியாது. துணி துவைக்கும் பிரஷ்ஷைத் தொட்டிமேல் கவிழ்த்து, சோப்பைத் தடவி, அதில் தேய்ப்பேன். ஆனாலும் சாப்பாட்டுக்கு ஸ்பூன்தான். இட்லிக்கும் ஸ்பூன், ரசத்துக்கும் ஸ்பூன். சோப்புப் போட்ட கை சுத்தமான கை என்று என் வாய்க்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு வசதி இருப்பதும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமைக்கு நாள்காட்டியில் விரதம் எதுவும் சிக்கவில்லை. தேவையும் இல்லை. கை இப்படி இருக்கிறது, கையால் சாப்பிட முடியவில்லை, ஒரு வாழைப்பழம் போதும். பன்னிரண்டு ஆண்டில் முதல் தடவையாகப் பொய் சொல்லாமல் தப்பிக்க ஒரு காரணம். மயிலுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். மனைவிக்குத் தலைவலி. மச்சினனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவன் என்னை இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிட்டான்.

பச்சைப் பெயிண்ட் அடித்த சின்ன வீடு. வாசலில் பந்தல், பந்தலுக்குள் மேசைகள், மேசைமேல் விரித்த பேப்பரில் சிவப்பாக நல்வரவு, நல்வரவு, நல்வரவு.  வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் முதல் வரிசையில் நின்று என்னைப் பார்த்தார். அந்த அம்மாவின் அண்ணன் என்று சொல்லாமலே தெரிந்தது. "வாங்க சார்" என்றார். 

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா என்னை உள்ளே கூட்டிப் போனார். முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முன்னால் ஸ்டூல். ஸ்டூலின் மேல் உறை பிரிக்காத பேப்பர் தட்டு, பேப்பர் கப், பிளாஸ்டிக் ஸ்பூன்.

"கை இப்பிடி இருக்குறப்ப எலையில ஒக்காந்து சிரமப்படுவீங்கன்னு வாங்கி வச்சேன் சார். எல்லாம் புதுசு, நாங்க யாரும் தொடல. ஒங்க வீட்டுல இதுதானே பொழங்குறீங்க, அன்னைக்குப் பாத்தேன்ல. நீங்க இங்கயே தனியா ஒக்காந்து நிம்மதியாச் சாப்புடுங்க."

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. நிஜமாகவே எனக்கு எது சௌகரியம் என்று யோசித்து, கடைக்குப் போய், தேடி வாங்கிவந்திருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பந்தலில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு இலையில் சாப்பிடுகிறார்கள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்திருக்கிறது. நான் மட்டும் யாரும் தொடாத தட்டுக்கு முன்னால், தனி அறையில்.  தயார் செய்து வைத்திருந்த வாழைப்பழக் கதை வரவில்லை.

"எனக்கும் எலை போடுங்க" என்றேன். "வெளியில. எல்லார்கூடவும்."

"கையால சாப்புடணுமே சார்..."

"கையாலதான் சாப்பிடுவேன். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். எடது கைக்குக் கட்டுப் போட்டதுலேருந்து இந்தக் கைதான் எல்லா வேலையும் பாக்குது. நல்லாக் கழுவணும். எனக்கு இன்னொரு கை இல்ல."

அவருக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்ச் சோப்பையும் ஒரு செம்புத் தண்ணீரையும் எடுத்துவந்தார். பந்தல் ஓரத்துக்கு என்னை அழைத்துப் போய்த் தண்ணீர் ஊற்றினார். சோப்பை என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் தேய்ச்சு விடலாமா சார்?"

பன்னிரண்டு வருடம் ஒரே மேடையில் நின்றிருக்கிறோம். என் கையைத் தொட அவர் அனுமதி கேட்கிறார். அப்படிக் கேட்கும்படி வைத்தவன் நான்தான்.

"தேய்ங்கம்மா" என்றேன். 

அவர் தேய்த்தார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, முட்டி, கட்டைவிரல். பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த ஆட்டம். இரண்டு மூன்று பேர் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, பிறகு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். அவர் அண்ணன் சாம்பார் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபது முடிந்தது. நான் கையை இழுத்தேன். அவர் விடவில்லை.

"நகக்கண்ண விட்டுட்டா எப்பிடி சார்? நீங்கதானே சொல்லுவீங்க."

ஒவ்வொரு நகமாகத் தேய்த்து, செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, திருப்தியான பிறகுதான் என் கையை விட்டார்.

"தொடைக்கப் பேப்பர் ஏதும் வேணுமா சார்?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு போய் அவர் அண்ணன் போட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.